அய்யாவைக் கூப்பிடாத உடுக்கை

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தையை அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. அது இருந்து தொலைப்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது. வருகிற பங்குனிப் பொங்கலுக்கு ராக்காச்சி கோவிலில் உன்னைக் கூப்பிடப் போகிறார்கள். வருஷம் திரும்புவதற்குள் செத்தவர்களை உடுக்கையடித்துக் கூப்பிட்டு, சாமியாடியின் வாயால் அவர்களைப் பேசவைத்துக் கேட்பது நம் ஊர் வழக்கம். உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஊரில் எத்தனை வீட்டுச் செத்தவர்கள் உன் வாயால் பேசியிருக்கிறார்கள்! இந்தத் தடவை நீயே வரவேண்டியவள். கூட்டத்துக்கு நடுவில் வைத்து உன்னிடம் மனம்விட்டு எதையும் கேட்க முடியாது என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

கோவிலில் உடுக்கையடிக்கிற முத்திருளாண்டி சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அம்மா.

என்ன சொன்னார் என்பதற்கு முன்னால் நடந்ததை ஒருமுறை நான் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதுவரை எப்போதும் நீ சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். இப்போது நான் சொல்ல நீ கேள்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் பிறந்த உன் மகள், இறால் கம்பெனி வேனில் ஏறி மண்டபத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியத்தைப் பிடித்துப்போனது. வேறு சாதி, போதாக்குறைக்கு வேதக்காரர். தங்கச்சிமடத்து மாதா கோவிலில் எங்களுக்குக் கல்யாணம் நடந்த சேதி வந்த அன்றைக்கே அய்யா ஊருணியில் போய்த் தலைமுழுகிவிட்டு, ஈரத் துண்டோடு தெருவில் நின்று சொன்னாராம். "எனக்கு ஒரே பிள்ளைதேன். அவன் பேரு கணேசன். நான் செத்தாலும் அவ இந்த வாசல மிதிக்கப்படாது."

நாலு வருஷம் கழித்து, மிளகாய் காயப்போட்டிருந்த களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வீட்டுக்குத் தூக்கி வந்து அரை மணி நேரத்தில் உயிர் போய்விட்டது என்று அண்ணன் போனில் சொன்னான். அடித்துப்பிடித்துப் பஸ் ஏறி வந்தேன். ஊருணிக்கரையிலேயே பெரியப்பா என்னை மறித்துவிட்டார். "ஏ பிள்ள, அங்கனயே நில்லு. அவன் சொல்லிட்டுப் போயிருக்கான். செத்தவன் வாக்க நாங்க மீற முடியாது." தண்ணீருக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் அய்யாவின் பாடைத் தேர் போனது. அய்யாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. நீ வீட்டுக்குள் இருந்தாய்.

அதற்கடுத்த பங்குனிக்கு நீ ஆள் விட்டிருந்தாய். சாமி கும்பிட வருகிறவளை யாரும் தடுக்க முடியாது, வரச் சொல்லு என்று. வந்தேன். கோவில் வேம்புக்குப் பின்னால், கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்றேன். வெயில் தாழ்ந்திருந்தது. சித்தப்பா உடுக்கையடிக்க, உன் மேல் ராக்காச்சி இறங்கினாள். கொஞ்ச நேரம் ஆடினாய். பிறகு சட்டென்று நின்று, அய்யா பேசுவதற்கு முன்னால் செய்வதைப் போலவே இரண்டு தடவை தொண்டையைச் செருமினாய்.

"எம்மகள எங்கன நிறுத்திருக்கீக?"

யாரோ என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நீ என் நெற்றியில் திருநீறு பூசினாய். "ஏ தாயி ராக்கு, எம்மனசுல ஒண்ணுமில்ல ஆத்தா. உசுரு போகயில உன்னையத்தேன் தேடுனேன். போ, வீட்டுல போயிச் சோறு தின்னு." பெரியப்பா அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரேதான் என் கையைப் பிடித்து நம் வீட்டுக்குள் கூட்டிப்போனார். செத்தவன் வாக்கை அவரால் மீற முடியாதல்லவா?

பதினெட்டு வருஷம் அம்மா. அந்த மூன்று வாக்கியத்தில் நான் பதினெட்டு வருஷம் குடியிருந்தேன்.

சாமி பூதம் என்று பெரிதாக அலைகிறவள் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியத்தோடு மாதா கோவிலுக்குப் போவேன், செவ்வாய்க்கிழமை வீட்டில் விளக்கேற்றுவேன். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் சந்தேகமே இல்லாமல் நம்பினேன். மனுஷன் செத்தால் உடம்போடு சேர்ந்து அவனுடைய வீம்பும் எரிந்துபோகிறது. எரிந்தது போக மிச்சம் இருக்கிறதே, அதுதான் ஆன்மா. அந்த மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் கடவுள். எந்தப் பேரில் கும்பிட்டால் என்ன? இதை எந்தச் சாமியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அய்யா நேரில் வந்து சொன்னார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்க்கிற லாட்ஜில் நின்றால் அக்னி தீர்த்தம் தெரியும். தினமும் ஆயிரம் பேர் வந்து எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் கரைத்து, செத்தவர்களைக் கும்பிட்டு அனுப்பிவைத்துவிட்டு, ஈரத் துணியோடு ரூம் சாவி கேட்டு வருவார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இந்தத் தீவில் செத்தவர்களை மரியாதையாக வழியனுப்புகிறார்கள், எங்கள் ஊரிலோ வரவழைத்துப் பேசவே வைத்துவிடுவோம் என்று. ஆரோக்கியத்தைக்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். "உங்க கல்லறைத் திருநாளுக்கு எத்தனை மெழுகுவத்தி ஏத்துனாலும் ஒரு ஆளு பதில் சொல்றாகளா?" அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போன வருஷம் உனக்கு முடியாமல் போய் நீ எங்களோடு வந்து இருந்தாயே, மார்கழியிலிருந்து வைகாசி வரைக்கும்? அந்தத் தை அமாவாசையை நினைத்துப் பார். அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தான், அய்யாவுக்குத் திதி கொடுக்க. நீயும் கூட வந்தாய். ஐயர் மணலில் இலை போட்டு உட்காரச் சொன்னதும் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தாய். "வேணாம்டா கணேசா. அனுப்பிச்சுறாத. அந்த மனுசன் இன்னும் பேசி முடிக்கல." நோய் உன்னை உளறவைக்கிறது என்று நினைத்தோம். கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்தேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தாயே, உன் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிடும்போது சொல்லியிருக்கலாம். முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது சொல்லியிருக்கலாம். நாம் பேசாத பேச்சா அம்மா? அடுத்த வீட்டுக்காரி மீன் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுகிறாள் என்பதுவரை பேசினோம். இதை மட்டும் ஏன் விழுங்கிக்கொண்டு போனாய்?

இந்த மாசியில் சித்தப்பா சிவராத்திரிக்குத் தீர்த்தமாட வந்தார். குளித்துவிட்டுக் காலையில் லாட்ஜுக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்கம்மாவக் கூப்பிடணும்ல தாயி, இந்தப் பங்குனிக்கு."

"கூப்பிடுங்க சித்தப்பா. அதுக்கென்ன?"

"கூப்பிட்டா வந்துரும். வந்தா எல்லாத்தையும் கொட்டிரும். அதுக்கு முந்தி நானே சொல்லிர்றேன்."

செத்தவர்களை வரவழைக்க ஒரு முறை இருக்கிறது என்றார். முதலில் முப்பாட்டன் பெயர், பிறகு பாட்டன் பெயர், கடைசியில் செத்தவர் பெயரை மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டு, ஒவ்வொரு தரமும் உடுக்கையை உதற வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எந்தச் செத்தவரும் வரமாட்டார்.

"அன்னைக்குக் காலையிலேயே மதினி என் வீட்டுக்கு வந்து கையப் புடிச்சுக்கிருச்சு. 'கொழுந்தனாரே, அந்த மனுசன் பேர மட்டும் கூப்பிட்றாதீக'ன்னுச்சு. ஏன் மதினின்னு கேட்டேன். 'கூப்பிட்டா வந்துருவாரு. வந்தா பிள்ளைய அறுத்துவிட்டுப் பேசிருவாரு. உசுரோட இருக்கயில இறங்காத மனுசன். செத்துப்போனா குணம் மாறிருமா?'ன்னுச்சு. நான் கூப்பிடல தாயி. உடுக்கைய விடாம அடிச்சுக்கிட்டே இருந்தேன். சனம் கவனிக்கல."

"அப்ப பேசுனது?"

"மதினிதேன்."

"ராக்காச்சி?"

"ஆத்தா நின்னா. அதுல பொய்யில்ல. ஆத்தா நிக்கயிலதேன் மதினி பேசுச்சு. ஆத்தா தடுக்கல."

யாரோ ஒரு குடும்பம் ரூம் கேட்டு வந்து நின்றது. அவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்து, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சித்தப்பா போனபின்னும் அழுதுகொண்டிருந்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அன்று அய்யாவின் பெயர் என் காதில் விழவே இல்லைதான். வேம்புக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளுக்கு அது எப்படி உறைக்கும்?

உனக்குச் சாமியும் இல்லை, செத்தவர் வருவதும் இல்லை, எல்லாம் நடிப்பு என்று இருந்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன் அம்மா. பாவம், மகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு நாடகம் ஆடினாள் என்று சிரித்துவிட்டுக்கூடப் போயிருப்பேன். நீ அப்படி இல்லையே! கூப்பிட்டால் அவர் வந்துவிடுவார் என்று உனக்கு அவ்வளவு நிச்சயம். அந்த நிச்சயத்தோடு கதவைச் சாத்தினாய். என்னையாவது ஊருணிக்கரையில் நிறுத்தினார்கள். அய்யாவை எங்கே நிறுத்தினாய்?

அவர் திட்டத்தான் வந்திருப்பார் என்று உனக்கு யார் சொன்னது? ஒருவேளை நீ சொன்ன அதே வார்த்தையைச் சொல்லவே அவர் காத்துக்கொண்டு நின்றிருந்தால்? செத்தால் குணம் மாறாது என்கிறாய். அது உன் கணக்கு. நான் வேறு விதமாக நம்பினேன், அப்படி நம்பவைத்ததே நீதான். உன் மனதுக்குள் ஒரு கடவுளை வைத்துக்கொண்டு என் கையில் வேறொரு கடவுளைக் கொடுத்தாயே, அது எப்படி உன்னால் முடிந்தது?

உயிர் போகும்போது என்னைத் தேடினார் என்றாயே. அந்த அரை மணி நேரமும் நீ அவர் பக்கத்தில் இருந்தாய். அதுவாவது நடந்ததா? இல்லை, அதையும் நீயே சேர்த்துக்கொண்டாயா? ராத்திரி பகல் எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பெற்ற தாயிடம் கேட்கக்கூடாத கேள்வியாகத் தெரியலாம். ஆனால் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

ராக்காச்சி மேலும் எனக்குக் கோபம்தான். அவள் பீடத்தைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தால் நாக்கு அழுகிவிடும் என்று ஊரே நடுங்குகிறது. அவள் உன் மேல் நிற்கும்போதே நீ பொய் சொன்னாய், உன் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வைகாசிவரை நன்றாகத்தான் பேசினாய். அப்படியென்றால் அவள் அங்கே இல்லையா? இருந்தும் உனக்குக் கூட்டாளியாகிவிட்டாளா? ஒரு பெண்ணுக்குச் சோறு கிடைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற சாமியும் உண்டா? அப்படி ஒரு சாமி இருந்தால் அவளைக் கும்பிடுவதா, சண்டைக்கு இழுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரை வேறு எனக்கு வைத்துத் தொலைத்திருக்கிறாய்.

ஆரோக்கியத்திடம் சொன்னேன். "எங்க சாமி பேசாதது எம்புட்டு நல்லதுன்னு இப்பத்தேன் தெரியுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார். "அத்தை உனக்காகச் செஞ்சதுதான ராக்கு?" எனக்காகத்தான். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்காக என்று சொல்லி என்னிடமிருந்தே ஒன்றை எடுத்துக்கொண்டால், போலீசுக்கா போக முடியும்?

எங்கள் லாட்ஜில் அறை துடைக்கிற செல்வியை உனக்கு நினைவிருக்கும். மண்டபம் அகதி முகாமிலிருந்து வருகிற பிள்ளை. உனக்கு இடியாப்பம் கொண்டுவந்து கொடுப்பாளே, அவள்தான். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு படகேறி வந்தவள். அம்மா அங்கே வவுனியாவில் செத்துப்போனார், போகமுடியவில்லை. கடைசிவரை அம்மா தன்மேல் கோபமாகத்தான் இருந்திருப்பார் என்று தலையணை உறையை மடித்துக்கொண்டே அழுவாள். என் கதையைச் சொல்லி நான்தான் அவளைத் தேற்றினேன். "உங்கட அய்யா வந்து சொன்னவர் எண்டா, என்ட அம்மாவும் அப்பிடித்தான் நினைச்சிருப்பா, என்ன அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது அவள் அழுவதில்லை.

சித்தப்பா சொன்னதை நான் செல்வியிடம் சொல்லவில்லை. தினமும் அவள் முகத்தைப் பார்க்கிறேன், வாய்வரை வருகிறது, விழுங்கிவிடுகிறேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது ஏன் என்று கொஞ்சம் புரிகிறது. புரிந்துவிட்டதால் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போன வாரம் ஊருக்குப் போய், சித்தப்பா சொன்னதைச் சொல்லி, அண்ணனிடம் கேட்டேன். இந்தப் பொங்கலுக்கு உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் அய்யாவைக் கூப்பிட வேண்டும் என்று.

"ஏ பிள்ள, ஒனக்குக் கிறுக்கா? பெரியப்பா வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா ஒனக்குத்தான முதச் சேதி. கிடைச்சத வச்சுக்கிட்டுப் பேசாம இரேன். அய்யா வந்து ஏடாகூடமாப் பேசிட்டா?"

"பேசட்டும்ண்ணே."

"பேசிட்டா ஊரு ஒன்னைய உள்ள விடாது. நானும் ஒண்ணும் செய்ய முடியாது. அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"தெரியும்ண்ணே."

தெரிந்துதான் கேட்டேன் அம்மா. அய்யா வந்து மாட்டேன் என்று சொல்லிவிட்டால், நீ பொய் சொல்லித் திறந்துவிட்ட வாசல் அன்றைக்கே அடைபடும். அண்ணன் பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட நான் ஊருணியின் இந்தக் கரையில்தான் நிற்க வேண்டிவரும். பயமாக இருக்கிறது. ஆனால் அவர் பேச வேண்டிய இடத்தில் உன் பேச்சை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் அவர் படத்துக்கு விளக்கேற்றுவேன்?

சித்தப்பா சம்மதித்துவிட்டார். "பதினெட்டு வருசமாச்சு தாயி. எங்கன இருக்காகளோ, வருவாகளோ மாட்டாகளோ" என்று இழுத்தார். பிறகு ஒன்று சொன்னார். உனக்குப் பிறகு கோவிலில் யாரும் சாமியாடியின் பிரம்பை எடுக்கவில்லையாம். ஊர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். மகள் மேல்தான் இறங்கும் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம். அதாவது, அய்யா வந்தால் என் மேலேயே வரலாம். என்னை அவர் என்ன நினைக்கிறார் என்பதை என் வாயாலேயே சொல்லலாம்.

பார்த்தாயா, நீ நின்ற அதே இடத்தில் கொண்டுவந்து என்னை நிறுத்திவிட்டார்கள். நான் நினைத்தால் போதும். இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு எனக்கு வேண்டியதை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஊர் அழும், அண்ணனுக்கு மூச்சு வரும், செல்விக்கும் சொல்ல ஒரு நல்ல சேதி கிடைக்கும். எவ்வளவு சுலபம் என்று எனக்கு இப்போது தெரிகிறது. உனக்கும் அன்றைக்கு அவ்வளவு சுலபமாகத்தான் இருந்ததா, இல்லை உள்ளே ஏதாவது உடைந்ததா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. பங்குனிப் பொங்கலன்று அய்யாவின் பெயரை மூன்று தரமும் முழுதாகக் கூப்பிடவைப்பேன். அவர் வந்து என்னை வேண்டாம் என்றால், அந்த வார்த்தையை ஒரு எழுத்துக் குறைக்காமல் ஊர் கேட்கச் சொல்வேன். அவர் வரவில்லை என்றால் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, வரவில்லை என்று எழுந்து சொல்வேன். அவருக்காக நான் பேசமாட்டேன். அதற்குப் பிறகு உன் பெயரைக் கூப்பிடச் சொல்வேன். நீ வந்து அழுதாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி, மறுபடியும் ஒரு பொய்யே சொன்னாலும் சரி, உன்னைப் பேசவிடாமல் நான் தடுக்கமாட்டேன்.

அய்யா சேர்த்துக்கொள்வாரா என்று இன்னும் தெரியாத,
உன் மகள்
ராக்கு